ஏழு ஊரில் ஒரே தப்பு

சனிக்கிழமை காலையில் மேல் வீட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மிக்ஸி ஓடவில்லை. கணேசமூர்த்தி அண்ணாச்சி கடைக்குக் கிளம்பும்போது படியிலேயே நின்று போனில் யாரையாவது திட்டுவார். அதுவும் இல்லை.

"இன்னிக்கு சாயங்காலம்தானே வர்றாங்க?" என்று கேட்டாள் ஆலிஸ், இட்லிப் பாத்திரத்தைத் திறந்தபடி.

மகள் ஜொவிட்டா தலையை மட்டும் ஆட்டினாள்.

வரப்போகிறவர்கள் அசோக் நகர்க்காரர்கள். மேல் வீட்டு தாரணிக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை வெங்கடேஷின் அண்ணன் ராகேஷ், இன்று வந்து கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போகப்போகிறான். ஆவணியில் தட்டு மாற்றியிருக்க வேண்டிய சம்பந்தம். ஐப்பசி மழை பிடித்துவிட்டது, இன்னும் பேச்சிலேயே நிற்கிறது.

காரணம் ஒரு சொட்டு ரத்தம்.

கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், பங்குக் கோயில் மண்டபத்தில் முகாம் போட்டார்கள். பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் ஓர் இதயத் தசை நோயைப் பற்றிய ஆய்வு அது. தரமணி ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜொவிட்டா தன் டாக்டர் பட்டத்துக்காகச் செய்யும் ஆய்வும் அதுதான். அந்தப் பக்கத்தில் குடியிருக்கும் யாரும் வரலாம் என்றதால், ஆலிஸ் தாரணியின் அம்மா ஜெயபாரதியையும் கையோடு கூட்டிப் போனாள். ஆடி மாதம் முடிவு வந்தது. ஆலிஸுக்கு ஒன்றுமில்லை. ஜெயபாரதியின் ரத்தத்தில் பழுதான அந்த மரபணு இருந்தது.

அன்றோடு ஜெயபாரதி தங்கள் தி.நகர் ஜவுளிக்கடைக்குப் போவதை நிறுத்தினாள். கணேசமூர்த்தி எதையும் மறைக்கவில்லை. "துணியில டேமேஜ் இருந்தாலே சொல்லித்தான் விப்பேன்" என்று, மனைவியின் பரிசோதனை அட்டையை அவரே கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டில் கொடுத்தார். பெண்ணும் ரத்தம் கொடுக்கட்டும் என்றார்கள் அவர்கள். "மாப்பிள்ளையும் வரட்டும், சேர்ந்தே குடுப்போம்" என்றாள் தாரணி. அதோடு பேச்சு முறுக்கிக்கொண்டது.

"எனக்கு மனசே ஆறலை," என்றாள் ஆலிஸ். "நான் கூப்பிடலைன்னா பாரதி வந்திருக்கவே மாட்டா. அன்னிக்கு வெறும் வயித்துல நின்னு அவளுக்குத் தலை சுத்திடுச்சு. முகமெல்லாம் வெளுத்துப்போச்சு. பாவமா இருந்துச்சு. என் டோக்கனைக் குடுத்து முன்னாடி அனுப்பிட்டேன்."

ஜொவிட்டாவின் கை இட்லியில் நின்றது.

"என்ன குடுத்த?"

"டோக்கன். அவளோடது ரொம்பப் பின்னாடி. அதை நான் வாங்கிக்கிட்டேன். நமக்கு என்ன, பூசையில நற்கருணை வாங்கறதுக்காகப் பழகின பட்டினிதானே."

"வாசல்ல பேர் எழுதினப்புறமா?"

"பேர் எழுதித்தானே டோக்கனே குடுத்தாங்க. ஏன்டி?"

ஜொவிட்டா பாதி இட்லியை வைத்துவிட்டுக் கை கழுவினாள். பையை எடுத்தாள். செருப்பை மாட்டும்போது இடது வலது மாறிப்போய், மறுபடி கழற்றி மாட்டினாள்.

அந்த முகாமில் ரத்தக் குழாயின் மேல் பெயர் கிடையாது. டோக்கன் எண் மட்டும்தான். இன்னாருடைய ரத்தம் என்று ஊசி போடுகிறவருக்கே தெரியக்கூடாது. அந்தரங்கம் கெடக்கூடாது என்பதற்காக ஜொவிட்டாவே செய்த ஏற்பாடு. பெயரும் எண்ணும் ஒரே ஒரு தடவை, மண்டப வாசலில், இளையோர் குழுப் பிள்ளைகளின் கையில் சந்தித்துக்கொண்டன. அதற்குப் பிறகு யாரும் யாருடைய பெயரையும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்பதுதான் விதி.

அன்று சாயங்காலமே அந்த இணைப்பு, எழுதியதை மாற்றவோ அழிக்கவோ முடியாத பிளாக்செயின் பதிவேட்டில் ஏறிவிட்டது.

*

மந்தைவெளி ஸ்டேஷன் மேடையில் ரயிலைக் காணோம். ஜொவிட்டா இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தாள். தம்பி ஜாக்சனுக்குப் போன் போட்டாள். அவன் துரைப்பாக்கத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருக்கிறான். ஆய்வுக்கான செயலியை எழுதிக் கொடுத்தவன் அவன்தான்.

"சொல்லுங்க சயின்டிஸ்ட். சனிக்கிழமையாவது மனுஷனைத் தூங்க விட மாட்டியா?"

"ஒரு பதிவை அழிக்கணும்."

"சரி. அப்படியே கபாலி கோயில் கோபுரத்தையும் கொஞ்சம் தள்ளி வச்சிடட்டா? மெட்ரோக்காரங்களுக்கு வசதியா இருக்கும்."

"விளையாடாதடா."

"நான் எங்க விளையாடறேன்? ஏழு ஊர்ல ஏழு இன்ஸ்டிட்யூட். ஏழு கம்ப்யூட்டர்லயும் ஒரே பதிவு. ஒவ்வொண்ணும் முந்தினதோட வாலைப் பிடிச்சிட்டு நிக்குது. ஒண்ணு மேல கை வச்சா பின்னாடி இருக்கறது அத்தனையும் கூச்சல் போடும். அழிக்க முடியாதுங்கறதுதானே அதோட பெருமையே. அதைச் சொல்லித்தானே உங்க சார் ஊர் ஊரா சால்வை வாங்கினாரு."

அவள் டோக்கன் கதையைச் சொன்னாள்.

அந்தப் பக்கம் அவன் கட்டிலில் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"ஊசி போடறதுக்கு முன்னாடி பேரைக் கேட்டு சரிபார்க்க ஒரு ஸ்க்ரீன் வச்சிருந்தேன்," என்றான். "நீதான் எடுக்கச் சொன்ன."

"தெரியும்."

"குத்திக் காட்டலை. சொல்றேன். நாம உள்ள எதைப் போடறோமோ அதை அது பத்திரமா வச்சிருக்கும், ஜொவி. தப்பைப் போட்டா தப்பைப் பத்திரமா வச்சிருக்கும். அதுக்கு மேல அதுக்கு எதுவும் தெரியாது."

ரயில் வந்தது. அவள் ஏறிக் கதவோரம் நின்றாள்.

"இரு, இரு," என்றான் ஜாக்சன். குரல் மாறியிருந்தது. "பாரதி ஆன்ட்டி பேர்ல இருக்கறது அப்போ... மம்மியோடதா?"

"ரெண்டு பேர்கிட்டயும் மறுபடி எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

"அப்போ நீ? நானு?"

"மம்மிகிட்ட எதுவும் சொல்லாத," என்று போனை வைத்தாள்.

கோட்டூர்புரத்தில் அடையாறு கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் போனைத் திறந்து அம்மாவின் அட்டையைப் பார்த்தாள். பச்சைக் குறி. கீழே சின்ன எழுத்தில்: 'சரிபார்க்கப்பட்டது. மாற்றப்படவில்லை.' ஒருவரும் மாற்றவில்லை என்பது உண்மைதான்.

*

டாக்டர் ஸ்ரீனிவாசராகவன் சனிக்கிழமையும் வருகிறவர். ஜொவிட்டாவின் நெறியாளர். அவள் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை.

"உட்காரும்மா. நின்னுண்டே பேசறே."

உட்கார்ந்தாள்.

"உங்க அம்மா சொன்னா நான் நம்பறேன். ஆனா அந்த சிஸ்டத்துக்கு உங்க அம்மா யாருன்னு தெரியாதே."

"திருத்தப் பதிவு போடலாமே சார்."

"போடலாம். ஏழு பேர்ல அஞ்சு பேர் சம்மதிக்கணும். அதுல ரெண்டு பேர் மெயிலுக்கே மாசக்கணக்கா பதில் போடறதில்லை. அப்படியே போட்டாலும் பழசு போகாது. அதுபாட்டுக்கு மேல இருக்கும், திருத்தம் கீழே இருக்கும். பார்க்கறவா கண்ணுல எது முதல்ல படும்?"

அவள் போனிலிருந்த பச்சைக் குறியை மறுபடி பார்த்தாள்.

"அது கிடக்கட்டும். பெரிய கேள்வி வேற. ஒரு டோக்கன் மாறியிருக்குன்னா மத்ததெல்லாம் மாறலைன்னு யார் சொல்றது? நம்ம ஜனங்க க்யூல நிக்கறதை நீ பார்த்ததில்லையா? வயசானவா, கர்ப்பிணி, கைக்குழந்தைக்காரி, எல்லாரையும் முன்னாடி விடுவா. நல்ல மனசுதான். அந்த ஞாயித்துக்கிழமை எடுத்தது மொத்தமும் இப்போ சந்தேகம். கட்டுரை மதிப்பீட்டுல இருக்கு. உன் பட்டம் அதுல இருக்கு. இன்னும் ரெண்டு பசங்களோடதும் இருக்கு."

"சந்தேகக் குறி ஒண்ணு இருக்கே சார். ஓட்டெடுப்பு இல்லாம ஆய்வாளர் யாரும் போடலாமே."

"இருக்கு. நான்தான் வைக்கச் சொன்னேன்." பென்சிலை எடுத்து மேஜை விளிம்பில் தட்டினார். "ஆனா ஒருத்தர் பேர்ல மட்டும் போட முடியாது. முகாம் முழுசுக்கும்தான். போட்டா எடுக்கவும் முடியாது. அத்தனை பேர் போனுக்கும் தகவல் போயிடும். திங்கட்கிழமை ரெண்டு பேரையும் கூட்டிண்டு வா, மறுபடி ரத்தம் எடுப்போம். முடிவைக் கையில வச்சுண்டு மத்தவாகிட்ட பேசுவோம். அதுவரைக்கும் அதைத் தொடாதே."

"இன்னிக்கு சாயங்காலம் ஒரு பொண்ணோட கல்யாணத்தைப் பத்தி முடிவு சொல்லப் போறாங்க சார்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"என் தம்பி ஒரு மருந்தை நம்பிச் சாப்பிட்டான். ஆராய்ச்சில நல்லா வேலை செஞ்சுதுன்னு எழுதியிருந்தது. எண்களைத் திருத்தியிருந்தாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. யாரும் கை வைக்க முடியாததா ஒண்ணு வேணும்னு அதுக்கப்புறம்தான் அலைஞ்சேன். நாமளே கை வைக்க வேண்டிய நாள் வரும்னு அப்போ தோணலை."

நிறுவனத்தின் தாளில், பரிசோதனை மறுபடி செய்யப்பட உள்ளது என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

*

ராகேஷ் நல்ல மாதிரிதான் பேசினான். ஜெயபாரதி கொடுத்த காபியைக் குடித்து, நன்றாக இருப்பதாகச் சொல்லி, டம்ளரைத் தானே உள்ளே கொண்டுபோய் வைக்கப் போனான். கணேசமூர்த்தி தடுத்துவிட்டார். தாரணி சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஜொவிட்டா கடிதத்தைக் கொடுத்தாள். முகாமில் டோக்கன் மாறியிருப்பதாகவும், ஜெயபாரதியின் பெயரில் இருக்கும் முடிவு அவளுடையதாக இல்லாமல் இருக்கலாம் என்றும் சொன்னாள்.

ஜெயபாரதி சட்டென்று அவளைப் பார்த்தாள். டோக்கனை மாற்றிக்கொண்டவள் ஜெயபாரதிதானே. யாருடைய டோக்கன் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முகத்தில் வெளிச்சம் மாதிரி ஒன்று வந்தது. அடுத்த நொடி அது போய்விட்டது.

"யாரோட மாறுச்சு அத்தை?" என்று கேட்டான் ராகேஷ்.

ஜெயபாரதி முந்தானையைச் சரிசெய்தாள்.

"எனக்கு ஞாபகம் இல்ல தம்பி. அன்னைக்குக் கிறுகிறுன்னு வந்துச்சு. கூட்டத்துல யாரோ ஒரு பொம்பளை."

"என்னம்மா இது?" என்றாள் தாரணி. "மூணு மாசமா மூலையில உக்காந்து அழுதீங்க. இப்ப கேட்டா யாரோங்கிறீங்க?"

"நீ சும்மா இருட்டி."

ராகேஷ் கடிதத்தை மடித்துத் திரும்பக் கொடுத்தான். "தப்பா எடுத்துக்காதீங்க. நானும் கம்ப்யூட்டர் துறைதான். பேப்பரை யாரும் அடிக்கலாம். யாராலயும் மாத்த முடியாதுன்னுதானே இந்த சிஸ்டமே வச்சிருக்காங்க." கணேசமூர்த்தி கொடுத்த அட்டையை எடுத்துத் தன் போனில் ஸ்கேன் செய்தான். "பாருங்க. இன்னும் பச்சையாத்தான் இருக்கு. 'மாற்றப்படவில்லை'ன்னு இருக்கு. எங்க அம்மா கேட்டா நான் எதைக் காட்டுவேன்? கடிதம் கொண்டு வந்தவங்க கீழ் வீட்டுப் பொண்ணு. யாரோட மாறுச்சுன்னு அத்தைக்கே தெரியலை."

"எனக்குத் தெரியும்."

வாசலில் ஆலிஸ் நின்றுகொண்டிருந்தாள். கோயிலுக்குப் போகிற புடவை கட்டியிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஜாக்சன். இவன் எப்போது வந்தான் என்று ஜொவிட்டாவுக்குத் தெரியவில்லை.

"என்னோட டோக்கன்தான் தம்பி," என்றாள் ஆலிஸ். "நானேதான் குடுத்தேன். பாரதி கேக்கக்கூட இல்லை. அவ பேர்ல நீங்க பார்க்கறது என் ரத்தம்."

"அக்கா," என்றாள் ஜெயபாரதி. வாசலை நோக்கி ஓரடி வைத்தாள்.

ஜொவிட்டா தம்பியை முறைத்தாள்.

"நான் சொல்லலை," என்றான் ஜாக்சன். "நான் வரும்போதே புடவை கட்டிட்டு ரெடியா இருந்தாங்க."

"இவன் ஏன் சொல்லணும்? பிளஸ் டூ பிள்ளைங்களுக்கு வருஷா வருஷம் மரபியல் பாடம் நடத்தினவ நான்," என்றாள் ஆலிஸ். "நீ இட்லியைப் பாதியில வச்சிட்டு ஓடினப்பவே கணக்குப் போட்டுட்டேன்."

"ஏங்க்கா வந்து சொன்னீங்க?" ஜெயபாரதிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "ஜாக்சனுக்குப் பொண்ணு பாக்குற நேரத்துல... நான்தான் யாரோன்னு சொல்லிட்டு இருந்தேன்ல."

"உன் பொண்ணும் பொண்ணுதானே."

ராகேஷ் எழுந்து நின்றான். வயதில் பெரியவர்கள் நிற்கும்போது உட்கார்ந்திருக்க அவனால் முடியவில்லை. ஆனால் போனை இன்னும் கையில்தான் வைத்திருந்தான்.

"ஆன்ட்டி, நீங்க சொல்றதை நான் நம்பறேன். நிஜமாவே. ஆனா வீட்டுல பத்து பேர் ஸ்கேன் பண்ணிப் பார்த்தாச்சு. அத்தனை பேருக்கும் பச்சை தெரிஞ்சிருக்கு. நான் போய் வாயால என்ன சொன்னாலும், பொண்ணு வீட்டுல காபி குடிச்சிட்டு வந்து பேசறான்னுதான் சொல்லுவாங்க."

கணேசமூர்த்தி முதல்முறையாகப் பேசினார். "அட்டையைக் கொண்டாந்து குடுத்தது நான்தானே. அன்னைக்கு நான் சொன்னதை நம்புனீக. இன்னைக்கு மட்டும் என்ன?"

ராகேஷ் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

ஜொவிட்டா தன் போனைத் திறந்திருந்தாள். ஆய்வாளர்களுக்கான பக்கம். முகாமின் பெயர், தேதி. கீழே ஒரே ஒரு பொத்தான். அதைத் தொட்டதும் கேள்வி வந்தது: 'இந்தக் குறியை நீக்க முடியாது. தொடரவா?'

ஜாக்சன் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். "ஜொவி. திங்கட்கிழமை வரைக்கும் பொறுக்கலாமே. உன் நாலு வருஷம்டி."

"திங்கட்கிழமை இவங்க இருக்க மாட்டாங்க."

"உங்க சார்கிட்ட ஒரு வார்த்தை..."

"தொடாதேன்னு சொல்லிட்டாரு."

காரணம் எழுதச் சொல்லி ஒரு கட்டம் வந்தது. 'டோக்கன்கள் கைமாறியுள்ளன. ஊசி போடும் முன் பெயர் சரிபார்க்கப்படவில்லை. அந்த ஏற்பாடு என்னுடையது' என்று அடித்தாள். அடித்ததை ஒரு தடவை படித்துப் பார்த்தாள். தொட்டாள்.

எதுவும் நடக்கவில்லை. ஒரு வட்டம் சுற்றியது. ஏழு ஊருக்கும் போய்ச் சேர வேண்டும்.

பிறகு ஆலிஸின் போனும் ஜெயபாரதியின் போனும் ஒரே சமயத்தில் ஒலித்தன.

"மறுபடி ஸ்கேன் பண்ணுங்க," என்றாள் ஜொவிட்டா.

ராகேஷ் செய்தான். பச்சை போய் மஞ்சள் வந்திருந்தது. பழைய பதிவு அப்படியே இருந்தது. அதன் மேல் அவள் எழுதியது இருந்தது, அவள் பெயரோடு.

அவன் அதை இரண்டு முறை படித்தான். "இல்லைன்னு சொல்லலை. சந்தேகம்னு சொல்லுது."

"என்னால இன்னிக்குச் சொல்ல முடியறது அவ்வளவுதான்."

"எங்க அம்மாகிட்ட..."

"சந்தேகம்னு சொல்லுங்க," என்றாள் தாரணி சுவரிலிருந்து. "அப்படியே போட்டோ எடுத்து அனுப்புங்க, பத்து பேரும் பார்க்கட்டும். திங்கட்கிழமை எங்க அம்மா மறுபடி ரத்தம் குடுக்கறப்ப உங்க தம்பியையும் வரச் சொல்லுங்க. எனக்கொரு ஊசி, அவருக்கொரு ஊசி. பயமா இருந்தா கண்ணை மூடிக்கட்டும்."

ராகேஷ் சிரித்துவிட்டான். சிரித்திருக்க வேண்டாம் என்று நினைத்தவன்போல உடனே செருப்பைத் தேடினான். முடியாது என்று சொல்ல வந்தவன் அதைச் சொல்லாமலே போனான். சரி என்றும் சொல்லவில்லை. கணேசமூர்த்தி தெருமுனை வரை கூடப் போனார்.

*

படியிறங்கும்போதே ஜொவிட்டாவின் போன் அடிக்கத் தொடங்கியது. கோயில் இளையோர் குழுப் பையன். பிறகு லஸ்ஸில் இருக்கும் ஓர் ஆசிரியை. "எனக்கு இல்லைன்னுதானே சொன்னீங்க? இப்போ மஞ்சளா வருதே, என்ன அர்த்தம்?" ஜொவிட்டா அவளிடம் திங்கட்கிழமை கூப்பிடுவதாகச் சொன்னாள். சொல்லும்போதே இன்னொரு அழைப்பு. தெரியாத எண். அதை முடிப்பதற்குள் திரையில் ஸ்ரீனிவாசராகவன் பெயர்.

அவள் எடுக்கவில்லை. கையிலேயே அது அதிர்ந்துகொண்டிருந்தது.

"எடுடி," என்றாள் ஆலிஸ், இரண்டு படி கீழேயிருந்து. "பண்ணத் தெரிஞ்சவளுக்குப் பதில் சொல்லவும் தெரியணும்."

"என்ன சொல்றது?"

"எழுதினியே, அதையே சொல்லு."

ஜாக்சன் கீழே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். ஆலிஸ் இன்னும் ஒரு படி இறங்கினாள். திருப்பத்தில் நின்றாள். எந்த மாடிப்படியானாலும் பாதியில் ஒருமுறை நிற்பாள். இரண்டு வருஷமாகவே அப்படித்தான். வயசாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் அதைக் கேலி செய்து, பிறகு மறந்தும் போயிருந்தார்கள்.

ஜாக்சன் இன்று மறக்கவில்லை. கதவை விட்டுவிட்டு மேலே ஏறி வந்தான்.

"ஒண்ணுமில்லைடா," என்றாள் ஆலிஸ், அவன் கேட்பதற்கு முன்பே. "முட்டிதான்."

போன் அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. ஜொவிட்டா அம்மாவின் கையைப் பார்த்தாள். அது முட்டியின் மேல் இல்லை.